மாஜுலித் தீவில் மூன்று இரவுகள்

பிரம்மபுத்திராவை ஆறு என்று அழைக்கக் காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு எளிதில் நா எழாது. கரையில் நின்று நோக்கினால் மறுகரை தென்படுவதில்லை. மறுகரை என்று நாம் எண்ணி மகிழ்வது பெரும்பாலும் நடுவே கிடக்கும் மணல்திட்டாகவே இருக்கும். அசாம் மாநிலத்தில் இப்பெருநீரின் மடியில் கிடப்பது மாஜுலி என்னும் தீவு. தெற்கே பிரம்மபுத்திரா, வடக்கே சுபன்சிரியும் கேர்குட்டியா என்னும் கிளையாறும். 2016-ஆம் ஆண்டில் இது தனி மாவட்டமாயிற்று. ஆற்றுத் தீவு ஒன்று மாவட்டமானது நம் நாட்டில் அதுவே முதல் முறை.

சங்கரதேவரும் அவருடைய மாணாக்கர் மாதவதேவரும் முதன்முதல் சந்தித்த இடம் இதுவே என்பர். அவர்கள் வகுத்த வைணவ நெறியைப் போற்றும் மடங்கள் இங்கே பல உண்டு. அவற்றைச் ‘சத்ரம்’ என்கிறார்கள். அங்குள்ள நாம்கர் என்னும் வழிபாட்டுக் கூடத்தில் பீடத்தின் மேல் வைத்துப் போற்றப்படுவது பாகவத நூல். ஆடலும் பாடலும் நாடகமும் அங்கே வழிபாட்டின் உறுப்புகள். சாமகுரி சத்ரத்தில் மூங்கில் பின்னலின் மேல் துணியும் களிமண்ணும் சாணமும் பூசி, இராவணனுக்கும் கருடனுக்கும் முகமூடி செய்கிறார்கள்.

இத்தனை பெருமை இருக்க, நாம் இங்கே எழுதப் புகுந்தது எங்கள் குடும்பம் அத்தீவில் அகப்பட்டுக்கொண்டு பட்ட பாட்டைத்தான். வேலை நிமித்தம் குவாஹாத்தியில் குடியேறிய நாங்கள் அறுவர்: பாட்டி, அவருடைய மூத்த மகனாகிய பெரிய மாமா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். 2024 ஜனவரி 13, சனிக்கிழமை காலையில் ஜோர்ஹாட்டை அடுத்த நிமாத்தித் துறையில் படகேறினோம். அன்று மாலையே திரும்பி, இரவு இரயிலைப் பிடித்து, போகிக்கு வீடு சேர்வது. திங்களன்று சங்கத்துப் பொங்கல் விழாவில் கலந்துகொள்வது. இதுவே எங்கள் திட்டம். பிரம்மபுத்திராவுக்கு வேறு திட்டம் இருந்தது.

பாட்டிக்குத் தீவில் ஒரே ஒரு காரியம்தான். அங்குள்ள சால்மோரா என்னும் ஊரில் சக்கரம் இல்லாமலே கையால் தட்டித் தட்டிப் பானை வனைகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். “புதுப்பானை இல்லாமல் பொங்கலா?” என்று அவர் கேட்டபின் மறுத்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? சால்மோராவுக்குப் போனோம். பானையும் வாங்கினோம். திரும்பும் வழியில் வாடகை வண்டியின் சக்கரம் ஒருமுறை காற்றிழந்தது. மாற்றிப் பூட்டிய சக்கரம் சற்று நேரத்தில் அதையே செய்தது. நாங்கள் துறைக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் படகு நீரின்மேல் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

பெரிய மாமா சிறிதும் கலங்கவில்லை. “காலையிலிருந்து வழியெல்லாம் சத்திரம் சத்திரம் என்றுதானே காட்டினார்கள்? இருபது சத்திரம் உள்ள ஊரில் படுக்க இடமா இல்லை?” என்றார். அவை வழிப்போக்கர் தங்கும் சத்திரங்கள் அல்ல, துறவியரும் அடியாரும் வாழும் மடங்கள் என்று அவருக்கு விளக்குவதற்குள் இருட்டிவிட்டது. மடத்து விருந்தினர் விடுதியிலும் சரி, மற்ற விடுதிகளிலும் சரி, விழாக் கூட்டத்தால் இடமில்லை.

துறையருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஓர் இளைஞர் எங்கள் நிலையைக் கண்டார். ஜோர்ஹாட்டில் கல்லூரியில் படிப்பவர். இந்தி நன்றாகப் பேசினார். மிசிங் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். “எங்கள் வீட்டுக்கு வாருங்கள்” என்று சொல்லிவிட்டு, பாட்டியின் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். பானை போன வழியே பாட்டி போனார். பாட்டி போன வழியே நாங்களும் போனோம்.

மிசிங் மக்களின் வீடு தரையில் நிற்பதில்லை. வெள்ளத்துக்கு அஞ்சிக் கம்பங்களின்மேல் ஆளுயரத்தில் கட்டுகிறார்கள். மூங்கிலைப் பிளந்து பரப்பியதே தளம். கீழே கோழியும் பன்றியும் குடியிருக்கும். ஏணியேறி உள்ளே சென்றதும் இளைஞரின் தாயார் எங்களை வரவேற்று, அசாமிய மொழியில் ஏதோ வினவினார். “என்ன மொழிக்காரர்கள் என்று கேட்கிறார் போலும்” என்று ஊகித்த மாமா, மார்பைத் தட்டிக்காட்டி, “தமிழ்! தமிழ்!” என்றார். அம்மையார் முகம் மலர்ந்தது. உள்ளே சென்று ஒரு தட்டு நிறைய வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து வைத்தார். தாம் சொன்னது விளங்கவில்லையென்று எண்ணிய மாமா, குரலை உயர்த்தி, “நாங்கள் அனைவரும் தமிழ்!” என்றார். இரண்டாவது தட்டு வந்தது.

அசாமிய மொழியில் பாக்குக்குத் ‘தாமுல்’ என்று பெயர். நம்முடைய தாம்பூலம் என்ற சொல்லுக்கு உறவு. விருந்தினர்க்கு முதலில் தாமுல் கொடுப்பது அந்நாட்டு மரபு. வாய்திறக்குமுன் விருந்தினரே அதைக் கேட்டு வாங்கியது அவ்வீட்டில் அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

கும்பகோணம் வெற்றிலையில் பழகிய வாய் என்ற செருக்கோடு மாமா ஒரு முழுப்பங்கை வாயிலிட்டு மென்றார். அது நம் ஊர்ச் சீவல் அன்று, பச்சைப் பாக்கு. பழகாதவர்க்கு உடம்பில் அனல் மூட்டித் தலையைச் சுழற்றும். மார்கழி மாதக் குளிரில் நாங்கள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, மாமா மட்டும் வேர்வை சொட்டச் சட்டையைக் கழற்றிவிட்டு, “வீடு ஏன் ஆடுகிறது?” என்று கேட்டார். குனிந்த வேகத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி மூங்கில் இடுக்கு வழியே கீழே விழுந்தது. மறுநாள் காலையில் அது கிடைத்தது. ஒரு பக்கத்துக் காதுப்பிடியைப் பன்றி சுவைத்துப் பார்த்திருந்தது.

அடுத்த கவலை பாட்டியின் உணவு. புலாலுண்ணும் வீட்டு அடுப்பில் வெந்ததை அவர் தொடமாட்டார். இதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் கூசி நின்றோம். இளைஞர் எப்படியோ புரிந்துகொண்டு தாயாரிடம் சொல்ல, அம்மையார் ஒரு கிண்ணத்தில் அரிசியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஊறவைக்கிறார், இனி உலை வைப்பார் என்று காத்திருந்தோம். உலையே வைக்கவில்லை. சிறிது நேரத்தில் அந்த அரிசி சோறாகியிருந்தது! கோமல் சாவுல் என்பது அதன் பெயர். நெருப்பின்றி நீரிலேயே மெதுவாகிவிடும் அரிசி. தயிரும் வெல்லமும் சேர்த்து உண்பது அங்கே வழக்கம். பாட்டி வெல்லத்தை ஒதுக்கிவிட்டு, உப்பும் ஒரு பச்சை மிளகாயும் கேட்டு வாங்கி, அசல் தயிர்சாதமே சாப்பிட்டார். “அடுப்பில்லை, தீட்டில்லை. இந்த அரிசி நம் ஊரில் இருந்திருந்தால் என் மாமியாருக்கும் எனக்கும் சண்டையே வந்திராது” என்றார்.

மறுநாள் காலை பனிமூட்டம். துறையில் நின்றால் படகு தெரியவில்லை; படகில் ஏறினால் ஆறு தெரியவில்லை. நண்பகலில் ஒருவாறு புறப்பட்டோம். அரைமணி கழித்துப் படகு மணலில் தட்டி நின்றது. குளிர்காலத்தில் நீர் வற்ற, ஆறு நாளுக்கொரு வழியாக ஓடும். நேற்று ஆழமாயிருந்த இடம் இன்று மேடு. ஆண்களெல்லாம் கழியூன்றித் தள்ளினார்கள். மாமா “ஏலேலோ” என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்களே ஒழியப் படகு அசையவில்லை. அந்தி மயங்கும் வேளையில் மற்றொரு படகு வந்து எங்களை இழுத்துக்கொண்டுபோய் விட்ட இடம், புறப்பட்ட அதே துறை.

இப்போது உண்மையான கவலை பிறந்தது. இரத்தக் கொதிப்புக்குப் பாட்டி உண்ணும் மாத்திரை ஒரு வேளைக்குத்தான் மிச்சமிருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டோம். வடக்கே லக்கிம்பூர் வழியாகப் போகலாமா என்று விசாரித்தால், அந்தப் பக்கத்திலும் ஓர் ஆறும் ஒரு படகும் உண்டு என்றார்கள். இளைஞர் மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு, மிதிவண்டியில் இருளுக்குள் மறைந்தார். விழாவுக்காக அடைத்திருந்த மருந்துக் கடையின் உரிமையாளரை வீட்டிலிருந்து எழுப்பி, பத்து நாளைக்கு வேண்டிய மாத்திரையோடு திரும்பினார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். நன்றியை மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.

நமக்குப் போகியாயிருந்த அந்த நாள் அவர்களுக்கு ‘உருக்கா’. மறுநாள் மாக பிஹு. அறுவடை முடிந்த வயலில் இளைஞர்கள் வைக்கோலாலும் மூங்கிலாலும் அழகிய குடில் ஒன்று கட்டியிருந்தார்கள். முன்னிரவு முழுதும் மூங்கில் தளத்தில் புரண்டு முதுகு நொந்திருந்த மாமா அதைக் கண்டு உள்ளம் உருகினார். “நம் பொருட்டு எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள்!” என்று சொல்லி, விருந்து முடிந்ததும் கம்பளியோடு குடிலுக்குள் சென்று படுத்துவிட்டார். உள்ளே பாடிக்கொண்டிருந்த இளைஞர்களும் இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். விடியுமுன் அவரை எழுப்பினால், “இன்னும் சற்று நேரம்” என்று தமிழில் புரண்டு படுத்தார். இனி அதைக் கொளுத்தப் போகிறார்கள் என்று நம் இளைஞர் இந்தியில் எடுத்துரைத்தபின் அவர் எழுந்து ஓடிய வேகத்தைப் பாட்டி இன்றளவும் வியந்து பேசுகிறார். அந்தக் குடிலுக்குப் பேலாகர் என்று பெயர். ஓரிரவு விருந்துக்குக் கட்டி, விடியலில் எரித்துவிடுவதே வழக்கம்.

உருக்கா இரவில் அயலார் தோட்டத்துக் காய்கறியைத் திருடுவதும் சிறுவர்க்கு அனுமதிக்கப்பட்ட விளையாட்டு. எங்கள் வீட்டுச் சிறுவனும் அக்கூட்டத்தில் சேர்ந்து ஒரு பெரிய பூசணிக்காயைத் தோளில் தூக்கிவந்தான். அது எங்களுக்கு இடம் கொடுத்த அம்மையாரின் கொல்லையிலேயே பறித்தது. அம்மையார் சிரித்த சிரிப்பில் வீடு மெய்யாகவே ஆடிற்று.

பிஹு விடியலில் மேஜி என்னும் விறகுக் கோபுரத்துக்குத் தீ மூட்டினார்கள். அரிசிமாவில் எள்ளும் வெல்லமும் வைத்துச் சுருட்டிய பிட்டாவையும் பாக்கையும் தீயிலிட்டு வணங்கினார்கள். அது அடங்கியதும் பாட்டி முற்றத்தில் மூன்று கல் கூட்டிச் சால்மோராப் பானையை ஏற்றினார். கொல்லையில் மஞ்சள் கொத்து இருந்தது, கரும்பும் இருந்தது. கதிரவன் மட்டும் பனிக்குள் இருந்தான். கிழக்கு எது என்று எங்களுக்குள் வழக்கு நடந்துகொண்டிருக்க, அம்மையார் வந்து பானையின் முகத்தைத் திருப்பி வைத்தார். கிடைத்தது போரா என்னும் பசையரிசி. ஆகவே பொங்கல் களியாயிற்று. ஆயினும் பால் பொங்கி வழிந்தபோது ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் எங்களோடு சேர்ந்து “பொங்கலோ பொங்கல்” என்று கூவினார்கள்.

அன்று பிற்பகல் இளைஞரின் தந்தையோடு கரையில் உட்கார்ந்திருந்தோம். வெளியூர் வந்து வாழும் நமக்கு வாயில் முதலில் வரும் கேள்வியை நாங்களும் கேட்டோம்: “உங்களுக்குச் சொந்த ஊர் இதுதானா?” அவர் ஆற்றின் நடுவைச் சுட்டிக்காட்டினார். அவர் பிறந்த ஊர் அங்கே இருந்ததாம். இன்று அதன்மேல் படகு போகிறது. இதுவரை மூன்று முறை வீட்டைப் பிரித்துக் கம்பங்களைச் சுமந்து வந்து பின்தள்ளிக் கட்டியிருக்கிறார். 1950 ஆகஸ்டு 15 அன்று அசாமை உலுக்கிய பெருநிலநடுக்கத்துக்குப் பின் மலைகளிலிருந்து சரிந்த மண் ஆற்றின் படுகையை உயர்த்திவிட, கரையரிப்பு மிகுந்தது என்பர். ஒரு நூற்றாண்டுக்கு முன் இருந்த தீவில் இன்று பாதிகூட மிஞ்சவில்லை. மூன்று நாள் படகு தவறியதற்கு நாங்கள் பட்ட பதற்றம் எங்களுக்கே அப்போது வேடிக்கையாகத் தோன்றிற்று. எங்கள் ஊர் தொலைவில் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. அவர் ஊருக்கோ இனி எந்த இரயிலும் போகாது. அப்படியிருந்தும், ஏணி ஏறி வந்த ஆறு அந்நியர்க்கு இடமுண்டா என்று அந்த வீட்டார் ஒரு கணமும் யோசித்ததை நாங்கள் காணவில்லை.

செவ்வாயன்று வானம் தெளிந்தது, படகும் கிடைத்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அங்கும் வழக்கம் போலும். அம்மையார் பொங்கல் பானையைக் கழுவித் துடைத்து, நிறையக் கோமல் சாவுல் இட்டுக் கொடுத்தார். மாமாவுக்குத் தனியே ஒரு பொட்டலம் தாமுல்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் தொலைபேசியில் விசாரித்தோம். தண்ணீர் ஏணியின் மூன்றாம் படியில் நிற்கிறது, அச்சமில்லை என்றார் இளைஞர். பின்னர் அவர் தந்தை பேசினார். அடுத்த பிஹுவுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்துவிட்டு, எங்கள் நன்மைக்காக இதையும் சொன்னார்: “வீடு அதே இடத்தில் இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். படகுக்காரரைக் கேளுங்கள், எங்கே கட்டியிருக்கிறோம் என்று அவர் சொல்வார்.”