பார்க்கப் போகாத நோயாளி

நோயுற்றவரை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பது அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அவர்களோ அந்தக் கடமைக்கு நம்மவர், பிறர் என்று எல்லை கட்டவில்லை. தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயில் விழுந்தபோது, அவன் இருப்பிடம் தேடிச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இவற்றையெல்லாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போய்வருவது நமது வழக்கம். அந்த வழக்கத்தில் நமக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை எவ்வாறு கரைந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

மருத்துவமனையை நமக்கு அறிமுகப்படுத்தியவர் அத்தா. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அத்தாவுக்குக் குடலிறக்க அறுவை. நமக்குப் பள்ளிப் பருவம். இரவில் துணைக்கு இருப்பவர்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஒருநாள் சுபுஹு வேளையில் நான்கு பேர், மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, அதில் ஒரு பெண்ணைச் சுமந்து வந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து வருகிறார்கள் என்றார்கள். இரவெல்லாம் காட்டுப் பாதையில் இறங்கிக் கச்சிராயபாளையம் சேர்ந்து, அங்கிருந்து கரும்பு லாரியில் வந்தார்களாம். பேறுகால வேதனை. தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

அம்மா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தபோது, அதை முதலில் அந்த நால்வருக்கும் ஊற்றச் சொன்னார் அத்தா. பின்னர் தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்துபோய், அந்தப் பெண்ணின் கணவரருகே சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். என்ன பேசினார் என்று கேட்டோம். "ஒண்ணும் பேசல. சும்மா உக்காந்திருந்தேன்" என்றார்.

அத்தாவுக்கு எழுத்து வாசனை குறைவு. அகழ்ப்போரில் காயமுற்றோர்க்கு மஸ்ஜிதுந் நபவியின் வளாகத்தில் கூடாரம் அமைத்துச் சிகிச்சை செய்த ருஃபைதா அம்மையாரைப் பற்றி அவர் படித்ததில்லை. 1284-ல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் செல்வர், வறியர் என்ற பேதமின்றிச் சிகிச்சை அளித்தார்கள் என்பதும், அதன் செலவுக்கென வக்ஃபு சொத்துக்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன என்பதும் அவருக்குத் தெரியாது. நாமோ இவற்றையெல்லாம் படித்தோம். மீலாது மேடைகளில் பேசவும் செய்தோம். ஆனால் தகப்பன் செய்ததை மகன் செய்யத் தவறிய நாள் ஒன்று வந்தது.

2024 ஜூன் 18-ஆம் நாளை நமது ஊர் மறக்காது. கருணாபுரத்தில் விற்ற சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. மறுநாள் முதல் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், சேலத்திற்கும், விழுப்புரத்திற்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடியவண்ணம் இருந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. குடித்தவுடன் மெத்தனால் தன் குணத்தைக் காட்டுவதில்லை. ஈரல் அதைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் இரத்தத்தைக் கெடுத்துக் கண் நரம்பைத் தாக்குகிறது. ஆகவே பலர் தலைவலி, வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்திருந்து, பார்வை மங்கிய பின்னரே புறப்பட்டார்கள்.

நமது கடையில் இருபது ஆண்டுகள் மூட்டை சுமந்த ஒருவரும் அவர்களுள் இருந்தார். வேலையில் ஒரு படி அரிசி குறைந்ததில்லை. மாலையானால் குடிக்காமல் இருந்ததுமில்லை. பலமுறை கண்டித்திருக்கிறோம். அவர் மருத்துவமனையில் கிடக்கிறார் என்ற செய்தி வந்ததும் நமது வீட்டில், "இருபது வருஷம் நம்ம மூட்டையைத் தூக்கினவராச்சே, ஒருதரம் பாத்துட்டு வாங்களேன்" என்றார்கள். கூட்டமாக இருக்கும் என்றோம். காவலர் விடமாட்டார்கள் என்றோம். இரண்டும் சாக்குகள். தானே தேடிக்கொண்ட கேட்டுக்கு நாம் ஏன் போய் நிற்க வேண்டும் என்பதே நெஞ்சில் இருந்த உண்மை. விலக்கப்பட்டதைத் தொட்டவரை ஒதுக்குவதும் மார்க்கப் பற்றுதான் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டோம். அவர் பிழைத்து வீடு திரும்பினார். பார்வை பெரும்பாலும் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். அப்போதும் போகவில்லை.

அடுத்த ஆண்டு நமது முறை வந்தது. சர்க்கரை நோயில் வலக்காலின் சுண்டுவிரல் புண்ணாகிக் கறுத்தது. மருத்துவமனையில் சேர்ந்தோம்; விரலை எடுத்தார்கள். பதினாறு நாட்கள் கட்டில் வாசம். நலம் விசாரிக்க வருவோரின் இலக்கணத்தை அப்போதுதான் கட்டிலில் கிடந்தபடி கற்றோம். ஒருவர் வந்து, இதே புண்ணால் முழங்கால் வரை இழந்த தம் மாமனாரின் கதையை விரிவாகச் சொன்னார். மற்றொருவர் நம் கட்டில் விளிம்பில் அமர்ந்து ஒரு மணி நேரம் நிலத்தகராறு பேசினார். நாமும் எத்தனை கட்டில்களில் இப்படி அமர்ந்திருப்போம் என்று எண்ணி வெட்கினோம்.

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலைக்காரர் ஒருவர். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர். மரவள்ளிக் காட்டில் பாம்பு தீண்டியதாம். சாலை இருக்குமிடம் வரை உறவினர் துணித் தொட்டிலில் சுமந்து வந்து, அங்கிருந்து 108 ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். நாம் சிறுவயதில் கண்ட அதே தொட்டில்! அந்த மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் அம்மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2022 முதல் அடிவாரத்து ஊருக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனால் கல்லூரிக்கும் கட்டிலில் கிடந்த அந்த மனிதரின் வாசலுக்கும் இடையே இன்னும் ஒரு தொட்டில் தூரம் இருக்கிறது.

அவரைப் பார்க்க எவரும் வரவில்லை. கேட்டோம். "வந்து போனா ஒருநாள் கூலி போயிடும் பாய். பஸ்ஸுக்கு வேற காசு வேணும்" என்றார், வருத்தமில்லாமல்.

ஒன்பதாம் நாள் மாலை, பேத்தியின் தோளைப் பிடித்தபடி ஒருவர் வார்டுக்குள் வந்தார். கட்டில்களின் கம்பிகளைத் தடவி எண்ணிக்கொண்டே வந்து நம்மருகே நின்றார். நமது மூட்டைக்காரர்!

"காலு எப்படி இருக்குதுங்க பாய்?"

நமக்குப் பேச்சு எழவில்லை. மடியிலிருந்து ஆறு வாழைப்பழங்களை எடுத்து நீட்டினார். பக்கத்தில் யார் என்று விசாரித்தார், சொன்னோம். மூன்று பழங்களைப் பிரித்து, "அவருக்குக் குடும்மா" என்று பேத்தியிடம் கொடுத்தார். சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். அத்தா அமர்ந்திருந்தது போலவே.

நெஞ்சு பொறுக்காமல், "அன்னிக்கு நீங்க கெடந்தப்போ நான் வரலியே" என்றோம்.

அவர் முகம் நம் குரல் வந்த திசைக்குத் திரும்பியது. "வரலீங்களா? எனக்குத்தான் கண்ணு தெரியலியே. நெறைய பேரு வந்தாங்க. பாயும் வந்துட்டுப் போயிருப்பாருன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஓராண்டு காலம் அவர் நம்மை வந்தவர்களின் கணக்கில் வைத்திருந்தார். நாமோ அவரைத் தள்ளியவர்களின் கணக்கில் வைத்திருந்தோம். மன்னிப்புக் கேட்டோம். "அதுக்கென்னங்க, இப்பதான் உக்காந்து பேசுறோமே" என்று சொல்லிவிட்டு, நேரமாகிறது என்று எழுந்துகொண்டார். நோயாளியிடம் அதிக நேரம் இருக்கக் கூடாது என்பதை அவருக்கு எந்த நூல் கற்பித்ததோ, அறியோம்.

மது விலக்கப்பட்டது என்பதில் நமக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. கருணாபுரத்துக் கைம்பெண்களைக் கண்டவர் எவரும் அந்த விலக்கின் நியாயத்தை மறுக்க மாட்டார். ஆயினும், தீமையை வெறுப்பது வேறு. தீமையில் வீழ்ந்தவனை வெறுப்பது வேறு. மறுமையில் இறைவன், தான் நோயுற்றிருந்தபோது ஏன் பார்க்க வரவில்லை என்று அடியானை வினவுவான் என்பது நபிமொழி. நோயுற்ற அடியானிடம் சென்றிருந்தால் அங்கே தன்னைக் கண்டிருக்கலாம் என்பதே அவ்வினாவின் கருத்து. அந்த அடியான் தன் தவறால் நோயுற்றானா, விதியால் நோயுற்றானா என்ற விசாரணை அங்கே இல்லை.

கால் ஆறியதும் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் மலையேறினோம். கோமுகி அணையைக் கடந்து, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலையில் இறங்கினோம். அதற்கப்பால் கல்லும் மேடுமான பாதை; ஒரு விரல் குறைந்த காலால் நடக்க இயலவில்லை. தகவல் அனுப்பினோம். பாம்பு கடித்த காலோடு மலைக்காரரே இறங்கி வந்தார். டீக்கடைப் பலகையில் இருவரும் கால்களை நீட்டி அமர்ந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். "பாக்க வந்தீங்களே பாய்" என்று இருமுறை சொன்னார். திரும்பும்போது ஒரு பை நிறையப் புளி கொடுத்தார்.

அதில் பாதியை அன்று மாலையே மூட்டைக்காரரின் வீட்டில் சேர்த்தோம். வாசலில் நின்று பெயரைச் சொல்லி, "வந்திருக்கிறேன்" என்றோம். இனி எப்போது போனாலும் இப்படிப் பெயர் சொல்லியே நுழைவதென்று முடிவு செய்திருக்கிறோம். வராதவரை வந்தவராகக் கொள்ளும் சிரமத்தை அவருக்கு மீண்டும் தரலாகாது. வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவையும், நமக்கு அவர்களைத் தேடிச் செல்லும் கால்களையும் தந்தருள்வானாக. ஆமீன்.