பெயரில் உறையும் பொருள்

பெற்றோர் தம் மகவுக்கு அளிக்கும் முதற்செல்வம் பெயரேயாகும். அதனாலன்றோ மக்கள் யாவரும் தத்தம் மொழியின் நற்சொற்களைப் பெயராகத் தேர்ந்தனர்!

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் முன்னாளில் வழங்கிய பெயர்கள் ஆராயத்தக்கன. முனியாண்டி, மாரியாயி, வீரன் என்பன தெய்வத்தின் காவலை வேண்டியவை. முன் பிறந்த மகவுகள் இறந்துபட்ட வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையிற் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றனர். பிச்சையாக ஏற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றும் அழைத்தனர். இழிவாகத் தோன்றும் இப்பெயர்களுள், கூற்றுவனை ஏமாற்றியேனும் பிள்ளையைக் காக்க முயன்ற தாயின் அச்சம் உறைகின்றது. ஆயின், பெண்மக்கள் பலர் பிறந்த வீட்டில் சூட்டப்பெற்ற 'போதும்பொண்ணு' என்னும் பெயருக்கு அவ்வாறு அமைதி கூறல் இயலாது. தன்னை வேண்டாதவள் எனச் சுட்டும் சொல்லையே ஒருத்தி வாழ்நாளெல்லாம் சுமந்தாள்.

1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம், மறைமலையடிகள் எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டார். 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935இல் 'தமிழ் முரசு' தோன்றியது. சீர்திருத்தக் கருத்துகள் பரவப் பரவ, தோட்டத்து லயங்களிலும் இளங்கோ, மலர்விழி, செந்தாமரை முதலிய பெயர்கள் ஒலித்தன. பெயர் மாற்றம் சொல் மாற்றம் மட்டுமன்று, தன்மதிப்பின் விழிப்புமாகும்.

எனினும், வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பெயர்களை எழுதுவோர் தாம் கேட்டவாறே உரோமன் எழுத்தில் பதிந்தனர். ழகரம் லகரமாயிற்று. உடன்பிறந்தார் இருவரின் பிறப்புப் பத்திரங்களில் தந்தை பெயர் இருவேறு வகையாய் அமைந்ததும் உண்டு.

வேல்சு நாட்டாரும் இத்தகைய திரிபைக் கண்டவரே. அவர்தம் மொழியில் 'அப்' என்பது மகனைக் குறிக்கும். ரீசு என்பவரின் மகன் 'அப் ரீசு' எனப்பட்டான். ஆங்கில வழக்கில் அது 'பிரைசு' என்றாகி, மகன் என்னும் பொருள் மறைந்தது. ஆயினும் பனி எனப் பொருள்படும் 'எய்ரா' போன்ற தாய்மொழிப் பெயர்களை அவர்கள் இன்றும் பெண்மக்களுக்கு இடுகின்றனர். மலேசியத் தமிழர் பெயர்களிலோ 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்கள் மகனையும் மகளையும் குறித்து நிற்றலால், தந்தை பெயர் மறையாது விளங்குகின்றது.

மறைவது பிள்ளையின் பெயர்ப் பொருளே. எண்கணிதம் நோக்கி எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் அமைக்கும் பெயர்கள் ஈப்போ நகரிலும் பெருகியுள்ளன. பொருள் யாதெனக் கேட்டால் பிள்ளையும் அறியாது, பெற்றோரும் அறியார்.

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. அச்சொற்களே பேரன், பேத்தி என மருவின. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் அழிந்த பின்னரும், அங்கு வாழ்ந்தோரின் நினைவு பெயர்களில் எஞ்சி நிற்கின்றது. ஆகவே, பள்ளி திறக்கும் முதல்நாளில் வருகைப் பதிவேட்டை விரிக்கும் ஆசிரியர், "உன் பெயரின் பொருள் யாது? அதனை இட்டவர் யார்?" என வினவுதல் நன்று. விடை அறியாப் பிள்ளை வீடு சென்று பாட்டியிடம் கேட்கும். குப்பம்மாள் எனப் பெயர் பூண்ட அம்மூதாட்டி, தன் பெயரின் கதையையும் அன்று பேத்திக்குச் சொல்லக்கூடும்.