உம்மாவுக்கு விளங்கிய படம்

கணினித் திரையில் தெரியும் சிறு படங்களை ஐகன் என்கிறோம். 1984இல் வெளிவந்த மெக்கின்டொஷ் கணினிக்காக சூசன் கேர் என்ற ஓவியர் கட்டம் போட்ட தாளில் இத்தகைய படங்களை வரைந்தார். 32க்கு 32 கட்டங்களுக்குள் ஒரு குப்பைத் தொட்டி! எல்லோரும் கண்ட பொருளை வரைந்தால் எவருக்கும் விளங்கும் என்பதே இதன் அடிப்படை.

ஆனால், எல்லோரும் கண்ட பொருள் எது? எங்கள் உம்மா அலுவலகம் எதிலும் வேலை செய்தவரல்லர். அவர் வீட்டில் தைக்கும் காசில்தான் எங்கள் கொப்பியும் பஸ் கட்டணமும். பெருநாள் நெருங்கினால் ஓடர்கள் குவியும். ஒவ்வொருவரின் அளவையும் கணினியில், நோட்பேடில் பதிந்து வைத்தோம். தேவைப்படும்போதெல்லாம் உம்மா என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். "மகள், அந்த அளவக் கொஞ்சம் திறந்து தாங்க." நான் பாடசாலையில் இருந்தால் வேலை காத்துக் கிடக்கும். உம்மா வாசிக்கத் தெரியாதவரல்லர். அங்கே இருந்த ஆங்கிலப் பெயரும் படமும்தான் அவருக்கு அந்நியம்.

எங்கள் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. நோட்பேடுக்கு டெஸ்க்டொப்பில் ஒரு ஷோர்ட்கட் வைத்தேன். அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி ப்ரொப்பர்ட்டீஸ் சென்றால் 'சேஞ்ச் ஐகன்' இருக்கும். புகைப்படம் சிறிதானால் மங்கிவிடும் என்பதால், தடித்த கோடுகளில் மஞ்சள் அளவு நாடா ஒன்றை வரைந்து, ஐகன் கோப்பாக மாற்றி வைத்தேன். பெயரையும் 'அளவுகள்' என்று தமிழில் எழுதினேன்.

ரீசைக்கிள் பின்னுக்கு வழி வேறு. செட்டிங்ஸில் தீம்ஸ் பகுதிக்குள் டெஸ்க்டொப் ஐகன் செட்டிங்ஸைத் திறக்க வேண்டும். வெறுமையாக இருக்கும்போது ஒன்று, நிறைந்திருக்கும்போது ஒன்று என அதற்கு இரண்டு படங்கள். வெறுங்கூடை ஒன்றும் வெட்டுத் துண்டுகள் நிறைந்த கூடை ஒன்றும் வரைந்தேன். உம்மா பார்த்த உடனே, "அப்ப, நிறைஞ்சா கொட்டணும், என்ன?" என்றார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாறியது படமும் பெயரும் மட்டுமே; உள்ளே இருப்பது அதே நோட்பேட். ஆயினும் இப்போது நான் வீட்டில் இல்லாத நேரத்திலும் உம்மாவே திறக்கிறார், புதிய அளவுகளைத் தமிழில் பதிகிறார். என் கதிரை இப்போது அவருக்கும் கதிரை.

தோழியரே, கணினி முன்னால் தயங்கும் பெரியவர்களிடம் "உங்களுக்கு விளங்காது" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். விளங்காதது அவர்களுக்கா, அல்லது அவர்களை நினையாமல் வரையப்பட்ட படத்திலா குறை என்று ஒருமுறை பார்ப்போம். படத்தை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.