குயின் வீதி இரவு வண்டி

ரொறன்ரோவில் சுரங்க ரயில் இரவு ஒன்றரை மணியோடு நின்றுவிடும். அதன் பிறகு நகரத்தைக் கிழக்கு மேற்காகக் கடக்க எங்களுக்கு இருந்தவற்றில் ஒன்று, குயின் வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார். எங்களுக்கு என்றால், உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள், அலுவலகக் கட்டடங்களில் தரை துடைத்தவர்கள், பெற்றோல் நிலையங்களில் விடியும்வரை கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர்கள். எண்பதுகளின் கடைசியில் எந்த இரவு ஏறினாலும் பின்பக்கம் ஒரு தமிழ்ப் பெடியன் கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரையாக இருப்பான். முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் இறங்குகிற இடம் தெரியும். நாங்கள் அநேகமானோர் சென். ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில்தானே இருந்தோம். "தம்பி, பார்லிமென்ற் வந்திட்டுது, எழும்பும்" என்று யாராவது தோளில் தட்டுவார்கள்.

சிவப்பும் வெள்ளையும் பூசிய அந்த வண்டிகள் இப்போது இல்லை. 2019 டிசம்பர் 29 அன்று கடைசி ஓட்டம் ஓடின. ஏறுவதற்கு உயரமான படிகள். ஏறியவுடன் ஓட்டுநர் இருப்பார். அவருக்கும் எங்களுக்கும் நடுவே கட்டணப் பெட்டி மட்டும். டோக்கனை அதற்குள் போட்டால் தாளில் அடித்த மாற்றுச் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தருவார். யன்னலுக்கு மேலால் ஓடும் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். பின்கதவுப் படியில் காலை வைத்தால் கதவு திறக்கும். கீழே சூடேற்றி ஓடுவதால் பனியில் நனைந்த சப்பாத்துகள் மெல்லக் காய்ந்து, தோலும் உப்பும் கலந்த ஒரு மணம் வண்டி முழுக்க நிற்கும். வேலை முடிந்த உடம்புக்கு அந்தச் சூடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அதில் போனவர்கள் அறிவார்கள்.

நான் வேலை செய்த உணவகம் குயின் வீதியின் மேற்குப் பக்கம், ரொன்செஸ்வேல்ஸ் சந்திக்குக் கிட்ட. 1989 பெப்ரவரியில் ஓர் இரவு. பனி கொட்டி ஓய்ந்து குளிர் இறுகியிருந்தது. அன்று பின்னேரம் வேலைக்கு வெளிக்கிடும்போது அம்மாவின் கடிதம் வந்திருந்தது. நீல நிற ஏரோகிராம். யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் இருந்த காலம் அது. கடிதம் வந்து சேர்வதற்கு எத்தனை கிழமை எடுக்கும் என்று ஒருவராலும் சொல்லமுடியாது. பசை போட்ட ஓரங்களைச் சமையலறைக் கத்தியால் வடிவாகக் கிழித்து வைத்திருந்தேன், எழுத்தில் கீறல் படாமல். ஆறுதலாக வண்டியில் இருந்து வாசிக்கலாம் என்பது எண்ணம். திகதியையும், நலம் விசாரிக்கும் முதல் இரண்டு வரிகளையும் வாசித்திருப்பேன்.

லான்ஸ்டவுனில் ஒருவர் ஏறினார். ஐம்பது வயது இருக்கலாம். நல்ல உயரம். பெரிய கம்பளிக் கோட்டில் ஒரு பொத்தான்கூட இல்லை. சப்பாத்துக்குள் காலுறை இல்லை. கணுக்கால் தோல் சிவந்து வெடித்திருந்தது. அவர் கட்டணம் போடவில்லை, ஓட்டுநர் கேட்கவும் இல்லை. அன்று மட்டும் வண்டியில் வேறு ஆளே கிடையாது. அவ்வளவு வெறும் இருக்கைகளையும் தாண்டி வந்து என் பக்கத்தில் இருந்தார். நான் யன்னலுக்கும் அவருக்கும் நடுவே அகப்பட்டேன். அவருடைய வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"உன்னை யார் அனுப்பியது?" என்றார்.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் இரவில் நாய்கள் ஒரு பக்கத்தில் குரைக்கத் தொடங்கி, அடுத்த ஒழுங்கை, அதற்கடுத்த ஒழுங்கை என்று கிட்ட வந்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்போம். காவலரணில் கேட்பதும் இதே கேள்விதான். யார் அனுப்பியது, யாரிடம் போகிறாய், பைக்குள் என்ன. அதை ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைக்காரர் கேட்டவுடன் என் உடம்பு தானாகவே பழைய பாடத்தைச் செய்தது. கைகள் இரண்டையும் அவருக்குத் தெரியும்படி முழங்காலில் வைத்தேன்.

அவர் பார்த்தது கடிதத்தை. இடக்கையால் அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். அம்மாவின் எழுத்து பொடிப்பொடியாக, ஓரம்வரை இடம் விடாமல், மடிப்பிலும் ஏறி இறங்கியிருக்கும். அவர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இது என்னைப் பற்றி எழுதியிருக்கிறது" என்றார். இல்லை, என் தாய் எழுதியது என்றேன். அவருடைய குரல் உயர்ந்தது. சுவருக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், அறையில் பேசுவதெல்லாம் அவர்களுக்குப் போகிறது, இப்போது இந்த எழுத்தில் ஆள் அனுப்புகிறார்கள் என்று தொடங்கினார். வாயிலிருந்து சிகரெட் நெடி. கண்கள் என்னில் நிற்கவில்லை. என் தோளுக்கு மேலால் இருட்டு யன்னலுக்குப் போய்ப் போய் வந்தன. "வாசி" என்று உறுக்கினார். ஆனால் கடிதத்தைத் தரவில்லை. பைக்குள் இருந்த கை அசைந்தது. அதற்குள் கத்தி இருக்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். எழும்பிப் போகவேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

வண்டி நின்றது. தரிப்பிடம் இல்லாத இடத்தில்.

ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து இறங்கி வந்தார். நரைத்த மீசை வைத்த மனிதர். ஓடி வரவில்லை, சத்தம் போடவில்லை. எங்களுக்கு எதிர்ப்பக்க வரிசையில், கை எட்டாத தூரத்தில், பக்கவாட்டாக இருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "என்னட்டை சிகரெட் இருக்கு, நெருப்பு இல்லை. உங்களிட்டை இருக்கா?" என்று அவரிடம் கேட்டார். பதில் இல்லை. ஓட்டுநர் பேசாமல் இருந்தார். அந்த இருப்பை நான் மறக்கமாட்டேன். கால அட்டவணைப்படி ஓடவேண்டிய வண்டி அது. அவர் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு குளிரைப் பற்றி ஏதோ சொன்னார். இன்னும் கொஞ்சம் கழித்து, "வண்டிக்குள்ளே பத்தக்கூடாது, வெளியிலே நிண்டு பத்துவம்" என்றார். அந்த மனிதர் எழும்பினார். கடிதத்தை நான்காக மடித்துக் கோட்டுக்குள்ளே வைத்துக்கொண்டார். இடப்பக்கப் பையில் துழாவித் தீப்பெட்டி எடுத்தார். வலது கை அப்போதும் வெளியே வரவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு பேரும் முன்கதவடியில் பனியில் நின்று புகைத்தார்கள். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் முழங்கால்கள் அப்போதுதான் நடுங்கத் தொடங்கின. சிகரெட் முடிந்ததும் அவர் வடக்கே போகும் ஒரு தெருவில் திரும்பிப் போய்விட்டார். ஓட்டுநர் உள்ளே வந்து கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு சொன்னார்: "ஆள் நல்லவர்தான். இந்தக் கிழமை மருந்து எடுக்கேல்லைப் போல. கடிதத்தைத் தரச்சொல்லி நாளைக்குக் காணேக்கை கேட்டுப் பார்க்கிறன்."

கடிதம் திரும்பி வரவில்லை. சில வருடங்கள் கழித்து அம்மா கொழும்புக்கு வந்து நின்றபோது தொலைபேசியில் கேட்டேன், அந்தத் தை மாதக் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று. "என்னத்தை எழுதியிருக்கப் போறன், சாப்பிடுறியோ, குளிருக்கு உடுப்பு இருக்கோ எண்டு கேட்டிருப்பன்" என்றார். இருக்கலாம். ஆனால் ஓரம்வரை நெருக்கி எழுதிய ஒரு முழுத் தாளில் அவ்வளவுதானா இருந்திருக்கும்? அந்த மாதங்களில் ஊரில் நடந்தவற்றை அவர் பிறகு எப்போதும் வாயால் சொல்லவில்லை.

அன்று இரவு வண்டி நின்ற இடத்தில் யன்னலுக்கு வெளியே ஒரு நீண்ட செங்கல் மதில் தெரிந்தது. அது என்ன மதில் என்று அப்போது தெரியாது. 1850இல் திறந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் மதில் அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த நோயாளிகளை வைத்தே கட்டுவித்தது; கூலி கிடையாது. குயின் வீதி 999 என்பது அதன் இலக்கம். இலங்கையில் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சுட்டி 'அங்கொடை' என்று சொல்லி நக்கலடிப்பதுபோல இந்த நகரத்தில் ஒருகாலத்தில் '999' என்று சொல்வார்கள். பழைய கட்டடத்தை எழுபதுகளில் இடித்தார்கள். பெயர் கெட்டுப்போனதால் இலக்கத்தையும் 1001 என்று மாற்றினார்கள். மதிலின் சில பகுதிகள் இன்னும் நிற்கின்றன.

அந்த மனிதர் ஏறிய பார்க்டேல், ஒருகாலத்தில் வசதியான குடும்பங்கள் ஏரிக்கரையோரம் வீடு கட்டி வாழ்ந்த இடம். ஐம்பதுகளில் நெடுஞ்சாலை வந்து ஏரியை மறித்தது. பெரிய வீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். 1979இல் மேற்கே இருந்த லேக்‌ஷோர் மனநல மருத்துவமனையை மூடினார்கள். அங்கிருந்தும் 999இலிருந்தும் வெளியே விடப்பட்டவர்களில் பலர் இந்த அறைகளுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பாட் கப்போனி என்ற பெண், தானும் அப்படி விடப்பட்டவர், அப்படியொரு வீட்டு வாழ்க்கையைப் பற்றி 1992இல் ஒரு புத்தகம் எழுதினார். அதை வாசித்தபோதுதான், காலுறை இல்லாத அந்தக் கால்கள் எந்த வீட்டுப் படியால் இறங்கி வந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. மருத்துவமனைக் கதவைத் திறந்துவிட்டதை நான் பிழை சொல்லமாட்டேன். பூட்டி வைத்திருந்த காலத்தின் கொடுமைக்கு அந்த மதிலே சாட்சி. ஆனால் திறந்துவிட்டவர்கள் வீடும் கவனிப்பும் பின்னால் வரும் என்றார்கள். வந்தது பூட்டு உடைந்த ஓர் அறை. அதற்காக இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

1997 பெப்ரவரியில் எட்மண்ட் யூ செத்தார். ஹொங்கொங்கிலிருந்து வந்து ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். படிப்பை மனநோய் குலைத்தது. வீடில்லாமல் இருந்தார். பேருந்து ஒன்றில் பொலிஸார் மற்றவர்களை இறக்கிவிட்டு அவருடன் பேசிக்கொண்டிருந்தபோது கோட்டுக்குள்ளிருந்து ஒரு சிறிய சுத்தியலை எடுத்தார். சுட்டுக் கொன்றார்கள். செய்தியை வேலையிடத்தில் பத்திரிகையில் வாசித்தேன். அதே பெப்ரவரி, அதே குளிர், கோட்டுக்குள் கை. அன்று இரவு என் வண்டிக்குப் பொலிஸ் வந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்த மனிதருக்காகப் பயந்தது அப்போதுதான் முதல் தடவை. பார்க்டேலில் டௌலிங் அவெனியூவில் இப்போது ஒரு வீட்டுத் தொகுதி எட்மண்ட் பெயரில் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் அங்கே வாடகைக் குடியாக, தங்கள் சொந்தக் கதவுத் திறப்போடு இருக்கிறார்கள்.

2013 ஜூலையில் டண்டாஸ் வீதி ஸ்ட்ரீட்காரில் சாமி யாதிம். 18 வயது, சிரியாவிலிருந்து வந்த பிள்ளை. சிறு கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு மிரட்டியதில் பயணிகள் எல்லோரும் இறங்கி ஓடிவிட்டார்கள். ஓட்டுநர் உடனே இறங்கவில்லை. அவனோடு கதைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுடன் பேச ஒரு ஃபோன் கேட்டான் என்று பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பொலிஸ் வந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடி விழுந்தது. ஒன்பது தரம். சுட்டவரைக் கொலை முயற்சிக் குற்றவாளி என்று 2016இல் ஜூரிகள் சொன்னார்கள். அந்தச் சாட்சியத்தை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நரைத்த மீசைக்காரர் செய்ததைத்தான் அந்த ஓட்டுநரும் செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கிடைக்காதது ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம்.

புதிய வண்டிகள் வசதியானவை. படி இல்லை, சக்கர நாற்காலியோடு ஏறலாம். ஓட்டுநர் முன்னால் தனி அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறார். ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் அடி வாங்கியிருக்கிறார்கள், முகத்தில் துப்பு வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கதவு அவர்களுக்கு வேண்டியதுதான். ஆனாலும் நள்ளிரவில் ஒருவர் தனக்குள் சத்தம் போட்டபடி வண்டியின் நடுவில் நிற்கும்போது, எல்லோரும் கைபேசிக்குள் முகத்தைப் புதைக்கும்போது, எழும்பி வந்து பக்கத்தில் இருக்க ஒரு ஆள் இல்லை. எனக்கு அந்தப் பழைய வண்டியில் வேறெதுவும் வேண்டாம். அந்த ஒரு ஆள் வேண்டும்.

2022இல் மாநகராட்சி ஒரு ஏற்பாடு தொடங்கியது. மனம் குழம்பி நிற்பவர்களிடம் ஆயுதம் இல்லாதவர்கள், இந்த வேலைக்கென்றே பழகியவர்கள், போய்ப் பேசுகிறார்கள். முதலில் நகரத்தின் சில பகுதிகளில், 2024இலிருந்து நகரம் முழுக்க. 211க்கு அடித்தால் வருவார்கள். என் அக்காவின் மகன் இப்போது இரவு வேலை, குயின் வீதியால்தான் போய் வருகிறான். அவனுடைய ஃபோனை வாங்கி அந்த எண்ணைப் பதிந்து கொடுத்தேன். "ஆரும் கத்திக்கொண்டு நிண்டா முதல் இதுக்கு அடி. அவை வருமட்டும் எட்ட நிண்டு, மெதுவாக் கதை" என்றேன். என்ன கதைக்கிறது மாமா என்று கேட்டான். குளிரைப் பற்றிக் கதை என்று சொன்னேன்.