நெஞ்சு கரிக்குது

பேத்தி பெரம்பலூரில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நோயாளியும் டாக்டரும் பேசுவதை உடனுக்குடன் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் பதிகிற வேலை. டாக்டர் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவார். நம் குமாஸ்தா வேலைதான் என்று சிரித்தேன்.

முதல் வாரம் அரியலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், "நெஞ்சு கரிக்குது" என்றாராம். இவள் 'அசிடிட்டி' என்று பதிந்துவிட்டாள். டாக்டர், "அவங்க சொன்ன வார்த்தையைத் தமிழ்லயே போடும்மா. என்ன நோய்னு முடிவு பண்றது என் வேலை" என்று சொல்லி, அந்த அம்மாவிடம் திரும்பக் கேட்டார். படி ஏறினால்தான் கரிக்குமாம், உட்கார்ந்தால் நின்றுவிடுமாம். உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதில் 'மால் ஓ கேர்' என்பது சொல்லுக்குச் சொல் நெஞ்சு வலி; ஆனால் பொருள் குமட்டல். எந்த மொழியானாலும் இந்த நெஞ்சு சும்மா இருப்பதில்லை!

இப்போது எத்தனை நாளாக, எந்தப் பக்கம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிகிறாள். எதிரே இருப்பவரின் வலது கை நமக்கு இடப்பக்கம் அல்லவா, அதிலும் ஒருமுறை தடுமாறினாளாம்.

நேற்று கேட்டாள்: "தாத்தா, 'மேலுக்கு முடியல'ன்னா என்ன எழுதறது?"

"அப்படியே எழுது" என்றேன்.