வாகனத்துக்குள் ஒரு வாகனம்

சேலையூரில் ஒரு பெரியவர். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் ஒழுங்காகச் செய்கிற ரகம். 2024 ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு அமெரிக்கா கிளம்பினார். கிளம்புவதற்கு முதல் நாள் தன் வேகன்-ஆரைப் பளபளவென்று கழுவி, போர்ட்டிகோவில் நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி வைத்து, தரை வரைக்கும் தொங்குகிற கவரைப் போட்டுக் கயிறும் கட்டிவிட்டுத்தான் ஏர்போர்ட் போனார்.

அக்டோபரில் திரும்பி வந்து பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பினால்... ம்ஹூம். பேட்டரியை மாற்றினார். அப்போதும் ம்ஹூம்.

மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். "சார், பேட்டரி மேல பழி போடாதீங்க. உள்ள குடித்தனமே நடந்திருக்கு."

பானெட்டின் உட்பக்கம் ஒட்டியிருந்த பஞ்சு பாதிக்கு மேல் காணோம். அது ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் மெத்தையாகக் கிடந்தது. கூடவே தேங்காய் நார், வேப்பங்கொட்டை. வயரிங் மூன்று இடத்தில் கடிபட்டிருந்தது. டேஷ்போர்டில் வைத்திருந்த இன்ஷூரன்ஸ் பாலிசியைக்கூட விடவில்லை, பொடிப் பொடியாகக் கிழித்து வைத்திருந்தது. காருக்குத் தேய்மானம் எழுத காமர்ஸ் புத்தகத்தில் இரண்டு முறை சொல்லித் தருவார்கள்: நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை. எலி முறை என்று மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, சிலபஸில்தான் இல்லை :-)

எலிக்கு வயர் என்றால் ஏன் இவ்வளவு ஆசை? அதன் முன்பற்கள் சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் வாய் மூடும். வயர் உறையில் சோயா கலப்பதால்தான் எலி கடிக்கிறது என்று 2016இல் அமெரிக்காவில் டொயோட்டா மேல் வழக்கே போட்டார்கள். ஹோண்டா ஒரு படி மேலே போய் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பை வயரில் சுற்றுவதற்கென்றே விற்கிறது. குளிர் நாடுகளில் வீடு மாதிரி இருக்கும் கேரவன் வண்டிகளைப் பனிக்காலம் முழுக்க நிறுத்தி வைப்பார்கள், அங்கேயும் இதே புலம்பல்தான். (நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காருவது.) அங்கே பனிக்குப் பயந்து எலி உள்ளே வருகிறது, இங்கே மழைக்கு. சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் ஏரியும் காலி மனையுமாக இருந்த இடங்கள். ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் போனால் பெருச்சாளி காம்பவுண்டுக்குள் வராமல் எங்கே போகும்?

பெரியவர் நேராகக் கடைக்குப் போய் எலி மருந்து வாங்கிக்கொண்டு வந்தார். "ஏங்க, பிள்ளையார் வாகனம்ங்க அது" என்றார் அம்மா. "இது என் வாகனம்" என்று இவர் பதில் சொல்லிவிட்டார். டிசம்பரில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மகள் வேறு வருகிறாள், அதற்குள் காரைத் தயார் செய்தாக வேண்டும்.

மருந்தை வைப்பதற்குள் அந்தச் செய்தி வந்தது. 2024 நவம்பர் மத்தியில், தாம்பரத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் குன்றத்தூரில், எலித் தொல்லைக்காக ஆள் கூப்பிட்டு வீட்டுக்குள் மருந்து வைத்திருக்கிறார்கள். இரவு ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு பேரும் தூங்கினார்கள். இரண்டு குழந்தைகளும் இறந்துபோயின. அப்பா அம்மா ஆஸ்பத்திரியில்.

அம்மா பேப்பரை மடித்து அவர் முன்னால் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூடின கார் என்பதும் ஏசி போட்ட சின்ன ரூம்தானே? அதிலும் பின்சீட்டில் கைக்குழந்தை.

கடையில் பேஸ்ட்டாகக் கிடைத்து வந்த மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலையே தீர்த்துவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. இன்னொரு வில்லங்கமும் உண்டு. மருந்து தின்ற எலி வெளியே போய்த்தான் சாகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏசி குழாய்க்குள் செத்தால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும்.

அப்புறம்தான் மெக்கானிக்கும் பெரியவரும் வழி அடைக்கிற வேலையில் இறங்கினார்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். வைப்பருக்குக் கீழே வெளிக்காற்று உள்ளே போகிற இடத்தில் பொடிக்கண் ஸ்டீல் வலையை வெட்டி வைத்தார்கள். ஏர் ஃபில்டர் வாய்க்கும் அதே வலை. நிறுத்தும்போது ஏசியை உள்காற்றுச் சுற்றில் விட்டு அணைத்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், பைசா செலவில்லாத வேலை. சைலன்சர் வாயில் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார். (எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி கட்டினார், ரயில்வே புத்தி!)

பழைய கூட்டை அம்மா துடைப்பத்தோடு பெருக்க வந்தபோது மெக்கானிக் தடுத்துவிட்டார். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காய்ந்த தூசியைக் கிளப்பவும் கூடாது. கையுறை, முகமூடி போட்டு, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு ஈரமாகத்தான் வழித்து எடுக்க வேண்டும்.

கவர்? அதுதான் முதல் குற்றவாளி. தரை வரை தொங்கினால் அது கவர் இல்லை, எலிக்குப் போட்ட கூடாரம். பாதி டயர் தெரிகிற மாதிரி மேலே தூக்கிக் கட்டினார்கள். போர்ட்டிகோவில் குவிந்திருந்த தேங்காய் மட்டை, பழைய பேப்பர், தெருநாய்க்கு வைக்கிற சோற்றுத் தட்டு எல்லாம் இடம் மாறின. புகையிலைக் கட்டு, பாச்சை உருண்டை எல்லாம் டிரைவர்கள் சத்தியம் செய்து சொல்வார்கள். நாலு நாளைக்கு வாசனை இருக்கும், அவ்வளவுதான்.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வயலில் எலி பிடிக்கும்போது எடுத்த எடுப்பில் வளையைத் தோண்ட மாட்டார்கள். முதலில் சுற்றி நடந்து மற்ற வாசல்களைக் கண்டுபிடித்து அடைப்பார்கள், பிறகுதான் பானையில் புகை போட்டு ஊதுவார்கள். அந்தப் பொறுமை பெரியவருக்கு வர ஒரு மாதம் ஆனது. காம்பவுண்டு ஓரத்தில் மட்டும் இரண்டு வளை இருந்தன. கண்ணாடித் துண்டும் சிமென்ட்டும் போட்டு அடைத்தார். பிரிக்காத மருந்து டப்பா மட்டும் இன்னும் பரண் மேல் இருக்கிறது. குப்பையில் போட்டால் யார் கையில் கிடைக்குமோ என்று பயம்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழை. மறுநாள் தரை காய்ந்ததும் காரைச் சுற்றி அம்மா கோலமாவு தூவினார். அரிசி மாவு இல்லை, கல் மாவு. அரிசி மாவு என்றால் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். காலையில் டார்ச்சோடு போய்ப் பார்த்தார்கள். குட்டிக் குட்டியாகக் காலடித் தடம். முன் டயர் வரை வந்து, வண்டியை ஒரு முழுச் சுற்று சுற்றி, அப்படியே பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடியில் போயிருந்தது. அங்கே ஒரு புது கார், தரை வரைக்கும் கவர் போட்டு நின்றுகொண்டிருந்தது.

பெரியவர் காபியைக்கூடக் குடிக்காமல் அந்த வீட்டு காலிங் பெல்லை அடிக்கப் போனார்.