ஆண்டைச் சொல்லும் ஆணி

ரயில் ஆணி என்றாலே அமெரிக்காவின் தங்க ஆணியைத்தான் சொல்வார்கள். 1869 மே 10 அன்று யூட்டாவில் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் சேர்ந்த இடத்தில் அதை வைத்தார்கள். விழா முடிந்ததும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதென்னவோ இரும்பு ஆணிதான்.

எனக்குப் பிடித்தது இவை இரண்டும் அல்ல. எதையும் பிடித்து நிறுத்தாத ஒரு சின்ன ஆணி அங்கே இருந்தது. இரண்டரை அங்குலம் இருக்கும். தலையில் இரண்டே இலக்கம். 29 என்றிருந்தால் 1929. அந்த ஸ்லீப்பர் கட்டைக்கு உரிய வருஷம் அது.

மரக்கட்டை பல இடங்களில் பத்து வருஷத்துக்குள் உளுத்துவிடும். தார் எண்ணெய் ஏற்றினால் கூடுதலாக உழைக்கும், ஆனால் செலவு. எத்தனை வருஷம் கூடுதல் என்று காட்டாமல் எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்? கட்டையைப் பிடுங்கும்போது ஆணியைப் பார்த்தால் கணக்கு கையில்.

இதை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஒக்தாவ் ஷானுத். 1832இல் பாரீஸில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். விமானம் செய்த ரைட் சகோதரர்களுக்கு யோசனை சொன்னாரே, அவரேதான். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு இந்தப் பெயரைக் கண்டால் ஒரு தனி சந்தோஷம். நாணயத்தில் பொறித்த வருஷத்தை நாங்கள் 'மில்லெஸீம்' என்று படித்தோம்.)

குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும். ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் பதினோரு நாற்காலிகள் குறைகின்றன என்று ஆடிட்டில் எழுதிவிட்டார்கள். இருப்புப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. ஸ்டோர் பார்த்த நண்பருக்கு ஓய்வு பெற நான்கே மாதம். பென்ஷன் நின்றுவிடும் நிலை. பக்கத்துக் கட்டிடத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் வெள்ளை பெயிண்டில் எங்கள் எண்ணும் வருஷமும் இருந்தன. பதினொன்றும் கிடைத்தன. மனிதர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிற்பாடு ரயில் கம்பெனிகள் கட்டைதோறும் ஆணி அடிப்பதை விட்டுவிட்டன. சோதனைக்கென ஒதுக்கிய சில மைல்களில் கணக்கு வைத்தாலே போதும் என்று தெரிந்துகொண்டார்கள். பழைய ஆணிகளை இன்று ஆர்வலர்கள் தேடி வாங்குகிறார்கள்.

நம்மூர் ஸ்டேஷனில் இப்போது கான்கிரீட் கட்டைகள். அடுத்த முறை போகும்போது பிளாட்பாரத்தில் நின்றபடியே கொஞ்சம் குனிந்து பாருங்கள். வார்க்கும்போதே வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பதித்துவிடுகிறார்கள்.